தேரூர் குளத்துப் படங்களை எதில் எடிட் செய்வது?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கேமரா வைத்திருப்பவருக்குப் படத்துக்குப் பஞ்சமே கிடையாது. விடியற்காலையில் தேரூர் குளத்துத் தாமரை இலைகளுக்கு நடுவே நீலத் தாழைக்கோழி. வெயில் ஏறுவதற்குள் மணக்குடிக் காயலோரத்துக் கண்டல் மரங்கள். மத்தியானம் பேச்சிப்பாறைக்குப் போய்விட்டால் அணைத் தண்ணீருக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாக மலை. சாயங்காலம் முட்டத்துப் பாறைகளில் அலை. இத்தனையும் ஒரே நாளில், ஒரே மெமரி கார்டில் ஏறிவிடும். சில வருடம் இப்படிச் சுற்றியவரின் ஹார்ட் டிஸ்க்கில் பாதி ஃபோல்டர்கள் காப்பி செய்த நாளுக்குப் பிறகு திறக்கப்படாமலே கிடக்கும்.

அந்த ஃபோல்டர்களைத் திறந்து, பழைய படங்களை நிதானமாக எடிட் செய்வதையே ஒரு பொழுதுபோக்காக வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வழிகள் நான்கு: போன் செயலி, கேமரா கம்பெனி இலவசமாகத் தரும் மென்பொருள், சந்தா கட்டும் லைட்ரூம், இலவசமான டார்க்டேபிள். பழகினால் நான்கிலும் நல்ல படம் வரும். ஆகவே எதில் படம் அழகாக வருகிறது என்று கேட்டு முடிவெடுக்க முடியாது. நான் கேட்கும் கேள்வி இது: இன்று செய்த எடிட்டை ஐந்து வருடம் கழித்துத் திறந்தால், எதை எவ்வளவு மாற்றினோம் என்று தெரியுமா? பிடிக்காததை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள முடியுமா?

திரும்பிப் பார்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நம் ஊரே பதில் சொல்லும். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் இறுதியில் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். அதற்கு முந்தைய சூரிய உதயப் படங்களில் இரண்டு பாறைக்கும் நடுவே வெறும் கடல்தான் இருக்கும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்து ரப்பரையும் தென்னையையும் வாழையையும் சாய்த்துவிட்டுப் போனது. அதற்கு முன் குலசேகரம் பக்கம் எடுத்த சாதாரணத் தோட்டப் படமும் இன்றைக்கு ஓர் ஆவணம். சுசீந்திரம் - தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அங்கே முன்பு எந்தப் பறவை எந்த மாதம் இறங்கியது என்பது உங்கள் பழைய ஃபோல்டரில் தேதியோடு இருக்கிறது.

நம் கண்ணும் மாறுகிறது. பறவை பார்க்கத் தொடங்கிய புதிதில் காயல் சேற்றில் நிற்பதெல்லாம் ‘உள்ளான்’ என்ற ஒரே பெயரில் போயிருக்கும். பிறகு கால் மஞ்சளா பச்சையா, முதுகில் புள்ளி உண்டா என்று பார்க்கப் பழகுகிறோம். அந்தப் பழக்கத்தோடு பழைய படத்தைத் திறந்து, நிழலைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி, ஒயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்தால் வரும் நிறச் சாய்வை, சரிசெய்தால் அது எந்த உள்ளான் என்று தெரிந்துவிடுகிறது. ஒயிட் பேலன்ஸ் தப்பாக இருந்தால் காலின் நிறமும் தப்பாகத்தான் தெரியும். எடிட்டிங்கை வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

மென்பொருளுக்கு முன்னால் ரா

கேமராவில் சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகச் சேமிக்கிறீர்களா, கேமராவே முடித்துச் சுருக்கித் தரும் ஜேபெக் மட்டுமா? மீண்டும் மீண்டும் எடிட் செய்யப்போகிறவருக்கு ரா இல்லாமல் சரிவராது. 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள் உண்டு. ஜேபெக்கில் 256 மட்டுமே. எண்ணாகச் சொன்னால் மனசில் நிற்காது. சுசீந்திரம் குளத்துக் கொக்கை வைத்துப் பார்க்கலாம். காலை வெயிலில் வெள்ளைக் கொக்கு நிற்கிறது, பின்னால் கரும்பச்சைத் தண்ணீர். சட்டகத்தில் இருட்டு அதிகம் என்பதால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கின் முதுகு இறகே தெரியாத வெறும் வெள்ளையாகிவிடும். ரா கோப்பில் ஹைலைட்டை, அதாவது மிக வெளிச்சமான பகுதிகளை, குறைத்தால் இறகு வரிகள் பெரும்பாலும் திரும்பி வரும். ஜேபெக்கில் அதே ஸ்லைடரை இழுத்தால் அந்த இடம் சாம்பல் நிறமாக மாறும், இறகு வராது. அளவுக்கு மீறி எரிந்துவிட்டால் ரா கோப்பாலும் காப்பாற்ற முடியாது என்பதால், வெள்ளைப் பறவைகளுக்கு எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப்பாவது (பாதி வெளிச்சமாக) குறைத்து எடுப்பது நல்லது.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் இதே சிக்கல்தான். இல்மனைட் கலந்த கருமணலைக் கண்டதும் கேமரா படத்தை வெளிறச் செய்கிறது. அலை நுரை எரிந்துபோகிறது. கீரிப்பாறை ரப்பர்க் காட்டுக்குள் போனால் சிக்கல் வேறு. இலைகளின் வழியே வடிந்து வரும் வெளிச்சம் முழுக்கப் பச்சை. மனிதத் தோலும் மரப்பட்டையும்கூடப் பச்சையாகிவிடும். ரா கோப்பில் ஒயிட் பேலன்ஸ் இன்னும் முடிவாகாமல் இருப்பதால், வீட்டுக்கு வந்தபின் எந்த இழப்பும் இல்லாமல் மாற்றலாம்.

பழைய படங்கள் ஜேபெக்கில் மட்டும்தான் இருக்கின்றனவா? ஒதுக்கிவிட வேண்டாம். மூலத்தைத் தொடாமல் காப்பி எடுத்து, சின்னச் சின்ன மாற்றங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே ஜேபெக்கைத் திறந்து மாற்றித் திரும்பத் திரும்ப அதன் மேலேயே சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும்.

போன்

ஸ்னாப்சீட் போன்ற இலவசச் செயலிகள் நல்ல கருவிகள். பேச்சிப்பாறையிலிருந்து நாகர்கோவில் பஸ்ஸில் திரும்பி வரும்போதே ஒரு படத்தைச் சரிசெய்து வீட்டாருக்கு அனுப்பிவிடலாம். ஆனால் என் கேள்விக்கு இங்கே பதில் அவ்வளவு நன்றாக இல்லை. பெரும்பாலும் கையில் மிஞ்சுவது முடிந்துபோன ஒரு ஜேபெக். போன் மாறும்போது எந்தப் படத்துக்கு என்ன செய்தோம் என்ற குறிப்பு கூடவே வருவது அரிது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவும் சுருங்கும், எடுத்த தேதி நேரம் போன்ற விவரங்களும் போய்விடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

திரை இன்னொரு தொல்லை. பல போன்களின் திரை நிறத்தைச் செறிவாக்கியே காட்டும். கடற்கரை வெயிலில் வெளிச்சத்தை முழுக்கக் கூட்டி வைத்துக்கொண்டு எடிட் செய்த படத்தை ராத்திரி கம்ப்யூட்டரில் திறந்தால் ஒன்று இருண்டிருக்கும், இல்லை நிறம் தப்பியிருக்கும். அன்றைய பகிர்வுக்குப் போன் போதும். பல வருடம் வைத்துப் பார்க்க வேண்டிய படத்தை அதில் முடிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

கேமரா கம்பெனியின் மென்பொருள்

பலர் கண்டுகொள்ளாத வழி இது. கேனானுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ் டெஸ்க்டாப். கேமரா வைத்திருப்பவர் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். கேமராத் திரையில் பார்த்த அதே நிறத்தோடு படம் திறப்பது இதன் பெரிய நன்மை. மற்ற மென்பொருள்களில் ரா கோப்பு முதலில் மங்கலாகத் திறக்கும். புதியவர்கள் அங்கேதான் மனம் தளர்ந்துபோகிறார்கள்.

குறை என்னவென்றால் அந்தந்தக் கம்பெனியின் கோப்பை மட்டும்தான் அது ராவாகத் திறக்கும். நாளைக்கு வேறு கம்பெனி கேமரா வாங்கினால் பழைய படத்துக்கு ஒரு மென்பொருள், புதியதுக்கு ஒன்று என்று இரண்டு வீடு வைக்க வேண்டிவரும். கம்பெனியும் தன் மென்பொருளை மாற்றிக்கொண்டே இருக்கிறது: நிக்கானில் கேப்சர் என்எக்ஸ் 2 போய் என்எக்ஸ்-டி வந்தது, அதுவும் போய் 2021-ல் என்எக்ஸ் ஸ்டுடியோ வந்தது. ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து ‘தேரூர், ஜனவரி, இலைக்கோழி’ என்று தேடி எடுக்கும் வசதியிலும் இவை பின்தங்கியவை. முதல் ஓரிரு வருடத்துக்கு இதையே வைத்துக்கொள்ளலாம்.

லைட்ரூமும் டார்க்டேபிளும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். இரண்டுமே மூலக் கோப்பைத் தொடுவதில்லை. எக்ஸ்போஷர் இவ்வளவு கூட்டு, இந்த மூலையை இவ்வளவு இருட்டாக்கு என்ற குறிப்பை மட்டும் தனியே எழுதி வைக்கின்றன. பழைய எடிட்டை அழிக்காமலே பக்கத்தில் இரண்டாவது எடிட்டை வைத்துப் பார்க்கவும் இரண்டிலும் முடியும்.

லைட்ரூமின் பலத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. காளிகேசத்து மர நிழலில் விடிந்தும் விடியாத நேரத்தில் எடுத்த பறவைப் படத்துக்கு கேமராவின் ஒளியுணர்வைக் கூட்டி ஐஎஸ்ஓ 6400 வரை போக வேண்டியிருக்கும். படம் முழுக்க நாய்ஸ் எனும் புள்ளிப் புள்ளி இரைச்சல். 2023 ஏப்ரலில் லைட்ரூமில் வந்த ஏஐ டீநாய்ஸ் இப்படிப்பட்ட பழைய ரா கோப்புகளுக்கு மறுவாழ்வு தந்தது. முன்பு கழித்துப்போட்ட படங்கள் இப்போது தேறுகின்றன. ஒரு எச்சரிக்கை உண்டு: அதை முழு அளவுக்கு இழுத்தால் இல்லாத இறகு வரியைக்கூட வரைந்துவிடும். பறவையை அடையாளம் காண வேண்டிய படத்தில் மிதமாக வையுங்கள். கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப்பில் ஒரு படத்துக்கே வெகுநேரம் காத்திருக்க வேண்டும். பறவையை மட்டும் தானாகப் பிரித்து மாஸ்க் போடும் வசதி 2021-லிருந்து இருக்கிறது, அதுவும் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. தமிழில் சொல்லித்தரும் வீடியோக்களும் இதற்குத்தான் அதிகம்.

திரும்பிப் போகும் கணக்கில் லைட்ரூம் பாதி தேறுகிறது. பழைய எடிட் எந்தக் கணக்கீட்டு முறையில் செய்யப்பட்டதோ அதே முறையில் அப்படியே திறக்கும். வேண்டுமானால் புதிய முறைக்கு மாற்றிப் பார்க்கலாம். இது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு முறை காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும் லைட்ரூம் 2015-ல் வந்த ஆறாம் பதிப்போடு முடிந்துவிட்டது. இப்போது மாதமோ வருடமோ சந்தாதான். சந்தாவை நிறுத்தினாலும் லைட்ரூம் க்ளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், அடுக்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம். எடிட் செய்யும் டெவலப் பகுதியும் மேப் பகுதியும் பூட்டப்படும். அதாவது பழைய எடிட் இருக்கும், அதை டெவலப்பில் திறந்து மாற்ற முடியாது. ஓய்வு பெற்றபின் படங்களோடு உட்காரலாம் என்று நினைப்பவர் அந்த வயதில் இந்தச் சந்தாவைக் கட்டிக்கொண்டே இருக்க மனம் வைப்பாரா என்று யோசிக்க வேண்டும்.

டார்க்டேபிள் 2009-லிருந்து தன்னார்வலர்கள் உருவாக்கிவரும் இலவச மென்பொருள். லினக்ஸில் தொடங்கியது; 2017 இறுதியில் விண்டோஸுக்கும் வந்தது. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்திலேயே அதே பெயரில் எடிட் குறிப்புகள் அடங்கிய ஒரு சிறிய எக்ஸ்எம்பி கோப்பை எழுதி வைக்கும். படத்தையும் அந்தக் கோப்பையும் சேர்த்துக் காப்பி செய்தால் எடிட்டும் கூடவே வரும். மென்பொருளில் ஒரு கருவியைப் பழையது என்று ஒதுக்கினாலும், அதை வைத்து முன்பு செய்த எடிட்டுகள் அப்படியே திறக்கும்படி விட்டுவைக்கிறார்கள். நான் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறு எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

சிரமமும் உண்டு, மறைக்கக் கூடாது. திறந்ததும் கருவிகளின் எண்ணிக்கையே மலைக்க வைக்கும். ஒரே வேலைக்கு மூன்று வழிகள் இருக்கும். தொடக்கத்தில் எக்ஸ்போஷர், கலர் கேலிபரேஷன், சிக்மாய்ட், லோக்கல் கான்ட்ராஸ்ட், டீநாய்ஸ், க்ராப் ஆகியவற்றை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். மற்றவை இருப்பதையே மறந்துவிடுங்கள். குளம், காயல், மலைக் காட்சிகளில் முக்கால்வாசி இவற்றுக்குள் முடிந்துவிடும். அதிக ஐஎஸ்ஓ பறவைப் படங்களில் லைட்ரூமின் டீநாய்ஸுக்கு இது ஈடாகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் ஓடும்.

என் தேர்வு டார்க்டேபிள்தான். நிலக்காட்சி, கடல், பூ, பூச்சி எடுப்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். விடியற்காலைக் காட்டுப் பறவைகளே உயிர் என்று இருப்பவருக்கு மட்டும் என் பதில் மாறும்: அவர் லைட்ரூம் சந்தா கட்டட்டும், ஆனால் முடித்த ஒவ்வொரு நல்ல படத்தையும் முழு அளவில், ஜேபெக் போலத் தரம் குறையாத 16 பிட் டிஃப் கோப்பாக ரா கோப்புக்குப் பக்கத்திலேயே சேமித்து வைக்கட்டும். ஒன்றில் செய்த எடிட் மற்றொன்றில் அதே தோற்றத்தோடு திறக்காது என்பதால் நடுவில் கட்சி மாறுவது கஷ்டம். முதலிலேயே ஒன்றை முடிவு செய்துகொள்வது நல்லது.

எவ்வளவு தூரம் மாற்றலாம்?

மென்பொருளைவிட எனக்கு முக்கியமான கேள்வி இது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் மலைக் கணவாய் வழியே காற்று பாய்ந்து வருவதால்தான் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்த மலைத்தொடரைப் படம் எடுப்பவர்களில் பலர் எடிட்டிங்கில் காற்றாலைகளை அழித்துவிடுகிறார்கள். இப்போது அது ஒரு தட்டில் முடிகிற வேலை. நான் அதைச் செய்ய மாட்டேன், மற்றவர்களும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். காற்றாலை இல்லாத முப்பந்தல் மலை இன்று எங்கேயும் இல்லை. பத்து வருடம் கழித்து அந்தப் படத்தைத் திறப்பவர், நீங்களே ஆனாலும், எதை நம்புவார்? மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்திக்கும் இதுவே பொருந்தும். நம் வயல்வெளிகளில் அது உட்காரும் இடம் அந்தக் கம்பிதான்.

வெளிச்சம், நிறம், நாய்ஸ், க்ராப் ஆகியவற்றை மாற்றலாம். இருந்ததை நீக்குவதும் இல்லாததைச் சேர்ப்பதும் கூடாது. நான் வைத்திருக்கும் எல்லை அவ்வளவுதான். பறவை பார்ப்பவர்கள் பதிவிடும் ஈபேர்ட் தளத்தில் பறவைப் பதிவோடு சேர்க்கும் படத்துக்கும் இந்த அளவே சரி. பெரிய காட்டுயிர்ப் படப் போட்டிகளிலும் பரிசுக்குப் போகும் முன் மூல ரா கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள்.

நிறத்திலும் அடக்கம் வேண்டும். நீலத் தாழைக்கோழியின் நீலமும் ஊதாவும் கலந்த உடம்பு அப்படியே அழகு. செறிவைக் கூட்டினால் நீலம் உச்சத்தில் போய் முட்டி, இறகு வரியெல்லாம் மறைந்து, பறவை ஒரே நீலத் திட்டாகிவிடும். கன்னியாகுமரி அஸ்தமனத்தில் சிவப்புக்கு நேர்வதும் இதேதான். வயலின் பச்சைக்கும் பருவம் உண்டு: கன்னிப்பூப் போகத்து நாற்றின் இளம் பச்சை வேறு, கும்பப்பூப் போகத்துக் கதிர் பழுக்கும்போது வரும் மஞ்சள் ஏறிய பச்சை வேறு. எல்லா வயலையும் ஒரே மரகதப் பச்சையாக்கும் ரெடிமேட் ப்ரீசெட்டுகள் அந்த வேறுபாட்டை அழித்துவிடுகின்றன. நாஞ்சில் நாட்டுக்காரருக்கு அந்தப் பச்சையைப் பார்த்தே மாதம் சொல்லத் தெரியும். படத்திலும் அது தெரிய வேண்டும்.

மத்தியான வெயிலில் வெளிறிப்போன பேச்சிப்பாறைப் படங்களைக் கழித்துவிடும் முன் கறுப்பு வெள்ளையில் ஒரு முறை மாற்றிப் பாருங்கள். நிறம் விலகியதும் மலை மடிப்புகளின் அடுக்கு எழுந்து நிற்கும். காட்டுயிர் எழுத்தாளரும் படக்காரருமான நம் மா. கிருஷ்ணன் (1912–1996) யானைகளையும் காட்டையும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தவர். அந்த வழி நமக்குப் புதிதல்ல.

எப்போது உட்காருவது?

எடுத்த அன்றே எடிட் செய்வதா, ஆறவிட்டுச் செய்வதா? எடுத்த அன்று அலைச்சலும் பரவசமும் கலந்தே இருக்கும். கஷ்டப்பட்டு எடுத்த படமெல்லாம் நல்ல படமாகத் தோன்றும். அன்றைக்குக் காப்பி எடுப்பது, மங்கலானவற்றை நீக்குவது, இடமும் பறவைப் பெயரும் குறிப்பது, இவற்றோடு நிறுத்திக்கொள்வதே மேல். வலசைப் பறவைகள் வந்து போகும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை எடுத்துக்கொண்டே இருங்கள். ஆனி, ஆடிச் சாரலில் கேமராவை வெளியே எடுக்க முடியாத நாட்களில் அவற்றைத் திறங்கள். நம் ஊருக்கு இரண்டு மழைக்காலம் இருப்பது இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு கொடை.

முன்பே எடிட் செய்த படமாக இருந்தால், பழைய எடிட்டைப் பார்க்காமல் மூலத்திலிருந்து புதிதாகச் செய்து, பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதையே சிபாரிசு செய்வேன். பழையதை வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் அதன் போக்கிலேயே இழுபடுவோம். சில படங்களில் பழையதே ஜெயிக்கும். அதை அழிக்காமல் வைத்திருந்தால்தான் அது தெரியவரும். அமெரிக்கப் படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல் நியூ மெக்சிகோவில் நிலா எழும் காட்சி ஒன்றை எடுத்தார். அதே நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகள் பிரின்ட் போட்டுக்கொண்டே இருந்தார், பிற்காலத்துப் பிரின்ட்களில் வானம் மேலும் மேலும் கறுத்தது. ஒரே படத்தில் ஒருவருக்கு அத்தனை காலம் வேலை இருந்திருக்கிறது.

காப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 24 மெகாபிக்சல் ரா கோப்பு ஒன்று சுமார் 25 முதல் 30 எம்பி வரும். டிஸ்க் சீக்கிரம் நிறையும். கடலோரத்து உப்புக் காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிப்பதைப் பார்த்தவர்கள் ஹார்ட் டிஸ்க்கையும் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் வைப்பார்கள். இரண்டு டிஸ்க் வைத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ சித்தி வீட்டிலோ விட்டுவையுங்கள். எக்ஸ்எம்பி கோப்புகளும் அதில் சேர்ந்திருக்கட்டும்.

மென்பொருளுக்குச் செலவழிக்க நினைத்த பணம் கையில் இருந்தால் அதை ஒரு நல்ல திரையில் போடுங்கள். எஸ்ஆர்ஜிபி எனும் பொதுவான நிறப் பரப்பை முழுதும் காட்டும் சாதாரண மானிட்டரே போதும். அதன் வெளிச்சத்தை அறையின் வெளிச்சத்துக்குத் தக்கபடி குறைத்து வையுங்கள். பிறகு ஒரு படத்தை நாகர்கோவிலில் ஏதாவது ஒரு லேபில் பிரின்ட் போட்டுத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உங்கள் திரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். 24 மெகாபிக்சல் படத்தின் அளவு 6000×4000 பிக்சல். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் முழுப் படத்தை 20×13 அங்குலம் வரை தாராளமாகப் போடலாம். தூரத்து இலைக்கோழிக்காக நாலில் ஒரு பங்கு அகலத்துக்கு க்ராப் செய்திருந்தால் மிஞ்சுவது 1500×1000 பிக்சல்தான். அதற்கு 5×3 அங்குலம். ஆல்பத்தில் ஒட்டலாம், சுவரில் மாட்ட வேண்டாம்.